மலைச்சாலையின் அமைதிக்கு ஒரு காரணம் உண்டு

உயர்மலையில் சாலைகள் குறைவு. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக பெரும்பாலும் ஒரே கணவாய்தான் இருக்கும். லாரி, பஸ், ராணுவ வண்டி, சுற்றுலா கார் எல்லாம் அதே தாரில்தான் ஏறி இறங்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சாலை மட்டும் காலியாகக் கிடக்கிறது என்றால், அது ஏன் காலியாக இருக்கிறது என்று சைக்கிளில் போகிறவர் முதலில் விசாரிக்க வேண்டும். காரணம் தெரிந்துவிட்டால் என்ன டயர், என்ன கியர், எவ்வளவு தண்ணீர், எந்த மாதம், எந்த நேரம் என்பதில் பாதி தானாகவே தீர்மானமாகிவிடும். காரணம் தெரியாமல் அமைதியை மட்டும் நம்பிப் போகிறவர்கள்தான் 4,000 மீட்டரில் இருட்டும் நேரத்தில் அடித்துப்போன பாலத்தின் முன் நிற்கிறார்கள்.

சைக்கிள் பயணிக்கு மிக நல்ல காரணம், சாலைக்குக் கீழே ஒரு சுரங்கம் வந்துவிட்டது என்பது. சுவிட்சர்லாந்தின் கோத்தார்ட் கணவாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-இல் கிட்டத்தட்ட 17 கி.மீ. நீளச் சாலைச் சுரங்கம் திறக்கப்பட்டதும் சரக்கு வண்டிகள் மலைக்குள் போய்விட்டன. மேலே ஓடும் புதிய கணவாய்ச் சாலை கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றுக்கொண்டது. அதற்கும் முந்தைய டிரெமோலா சாலை, கல் பாவிய 24 கொண்டை ஊசி வளைவுகளோடு தெற்குச் சரிவில் அப்படியே கிடக்கிறது. ஒரே கணவாய்க்கு மூன்று அடுக்கில் வழி. கடைசி அடுக்கு சைக்கிளுக்குத்தான் பொருத்தம். பெருவில் 2013-இல் புன்டா ஒலிம்பிகா சுரங்கம் 4,700 மீட்டருக்கு மேலே திறந்தது. அதன் தலைக்கு மேல் 4,890 மீட்டர் வரை ஏறும் பழைய பாதையில் இன்று மோட்டார் வண்டி வருவதில்லை என்றே சொல்லலாம். அர்ஜென்டினா, சிலி எல்லையில் 3,832 மீட்டரில் நிற்கும் கிறிஸ்து சிலை வரை போகும் பழைய மண் சாலையும் இந்த வகைதான். பொலிவியாவின் யுங்காஸ் மலைச்சரிவில் 2006-இல் மாற்றுச் சாலை வந்த பிறகு, உயிர்ப்பலிக்குப் பேர்போன பழைய ஒற்றைச் சாலை சைக்கிள்காரர்கள் கைக்கு வந்தது. இமயமலையில் 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்ததும், லே போகும் லாரிகள் ரோத்தாங் கணவாய் ஏறுவதை விட்டுவிட்டன. மணாலிப் பக்கம் சுற்றுலா கார்கள் இன்னமும் உச்சி வரை வருகின்றன. உச்சி தாண்டி வடக்கே கிராம்புவுக்கு இறங்கும் பகுதியில்தான் மாற்றம் நன்றாகத் தெரியும்.

இந்தப் பழைய சாலைகளின் இன்னொரு நன்மை, ஏற்றத்தின் கோணம். கோவேறு கழுதையும் குதிரை வண்டியும் ஏறுவதற்காகப் போட்ட பாதைகள் பெரும்பாலும் 7, 8 சதவீதச் சரிவோடு பொறுமையாக வளைந்து வளைந்து போகும். இன்ஜின் பலத்தை நம்பிப் போட்ட பண்ணைப் பாதைகளும் செல்போன் கோபுரப் பாதைகளும் கூசாமல் 15 சதவீதத்தைத் தொடும்.

ஆனால் சுரங்கம் வந்த பிறகு பழைய சாலைக்கான பராமரிப்புப் பணம் பல இடங்களில் குறைந்துவிடும், நின்றும் போகலாம் என்பதை மறக்கக் கூடாது. அப்படி நின்ற இடத்தில் பனியை யாரும் அள்ள மாட்டார்கள். மதகு அடைத்தால் தண்ணீர் சாலைமேல் ஓடி அரித்துவிடும். சரிந்த மண் சரிந்தபடியே கிடக்கும். கார் போக முடியாத இடத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டிவிடலாம் என்பது உண்மைதான். 30 கிலோ கனக்கும் சைக்கிளை ஈரச் சரிவில் ஒருவர் தனியாகத் தூக்குவது வேறு கதை. மூட்டைகளைக் கழற்றி மூன்று நடையாகக் கடக்க வேண்டிவரும். ஒவ்வொரு சரிவுக்கும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அதோடு, பல சுரங்கங்களில் சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. மேலே வழி அடைத்திருந்தால் கீழே சுரங்கம் இருக்கிறதே என்று கணக்குப் போட வேண்டாம்.

அடுத்த வகை, இணைச் சாலை. தஜிகிஸ்தானின் பாமிர் நெடுஞ்சாலை, அதாவது எம்-41, பெயரளவில் தனிமையின் உச்சம். ஆனால் குல்மா கணவாய் வழியாகச் சீனாவிலிருந்து வரும் சரக்கு லாரிகள் முர்காபுக்கும் கோரோகுக்கும் இடையே அதில்தான் ஓடுகின்றன. அதே இரண்டு முனைகளுக்கு இடையே வாகான் பள்ளத்தாக்கு வழியாகப் பஞ்ச் ஆற்றை ஒட்டிப் போய், 4,344 மீட்டர் கார்குஷ் கணவாய் ஏறி அலிச்சூர் அருகே எம்-41-இல் சேரும் வழியில் அந்த லாரிகள் இல்லை. காரணம் எளிது: சாலை மோசம், மணல் அதிகம், நேரம் இரட்டிப்பு. லாரி ஓட்டுநர் எதைக் கண்டு விலகுகிறாரோ அதற்கான விலையைச் சைக்கிள்காரர் கொடுத்தாக வேண்டும். கொடுப்பதற்குத் தகுந்த வழி இது.

மூன்றாவது வகையில் அமைதி ஒரு கால அட்டவணையைப் பொறுத்தது. பிரான்சின் ஓத்-ஆல்ப் மாவட்டத்தில் கோடைக் காலத்தில் சில நாட்கள் காலை வேளையில் குறிப்பிட்ட கணவாய்களை மோட்டார் வண்டிக்கு மூடிவிடுகிறார்கள். இத்தாலியின் பியமோன்ட் மலையில் 2,000 மீட்டருக்கு மேலேயே ஓடும் அசியெத்தா என்ற பழைய ராணுவ மண் சாலையிலும் கோடையில் வாரத்தில் சில நாட்கள் மோட்டாருக்குத் தடை உண்டு. இந்த நாட்களை ஆண்டுதோறும் உள்ளூர் நிர்வாகம் அறிவிக்கும். பயணத்தின் மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்குவதுதான் புத்திசாலித்தனம்.

முட்டுச் சாலைகளும் உண்டு. அணைக்கட்டுக்குப் போகும் பராமரிப்புச் சாலை நல்ல தாராக இருக்கும், வண்டியும் இருக்காது, ஆனால் வந்த வழியே திரும்ப வேண்டும். சுரங்கத் தொழில் நடக்கும் மலை மட்டும் ஏமாற்றும். வரைபடத்தில் ஊரே இல்லாத நீண்ட மண் சாலையாகத் தெரியும். நேரில் போனால் இரவு பகலாகக் கனிம லாரியும் மூச்சு முட்டும் புழுதியும்தான். செயற்கைக்கோள் படத்தில் படிக்கட்டு போல வெட்டிய மலைச்சரிவோ, செயற்கையான நிறத்தில் கழிவுக் குட்டையோ தெரிந்தால் அந்தச் சாலையை விட்டுவிடுங்கள்.

வரைபடத்தில் தேடும் முறை

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவில் ஒவ்வொரு சாலைக்கும் பரப்பு என்ன, எவ்வளவு சீராக இருக்கிறது, மண் பாதையானால் 1 முதல் 5 வரை எந்தத் தரம் என்று குறிப்பு இருக்கலாம். தரம் 1, 2 என்றால் மூட்டையோடு ஓட்டலாம். 3 என்றால் மழைக்குப் பின் சேறு. 4, 5 என்றால் தள்ளிக்கொண்டு போகத் தயாராகுங்கள். குறிப்பே இல்லாத சாலையை மண் சாலை என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

பிறகு செயற்கைக்கோள் படத்தில் சாலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு சக்கரத் தடம் தெளிவாகத் தெரிந்து நடுவில் புல் இருந்தால் வண்டி எப்போதாவதுதான் வருகிறது. தடம் பலவாகப் பிரிந்து அகன்றிருந்தால் அங்கே மணலோ சேறோ இருக்கிறது. வண்டிகள் ஒன்றைத் தவிர்த்து இன்னொன்றைப் போட்டிருக்கின்றன. கணவாயில் பனி இருக்கிறதா என்பதற்கு சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 10 மீட்டர் நுணுக்கம். மேகம் மறைக்காவிட்டால் சுமார் 5 நாட்களுக்கு ஒரு புதுப் படம். கடந்த வருடம் இதே வாரத்தில் கணவாய் எப்படி இருந்தது என்றும் பார்த்துவிடலாம். எந்த மாதம் போவது என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

வழித்தடச் செயலிகள் காட்டும் மொத்த ஏற்றத்தை அப்படியே நம்பாதீர்கள். அவற்றின் உயரத் தரவு 30 மீட்டர் அல்லது அதற்கும் பெரிய கட்டங்களால் ஆனது. செங்குத்துப் பாறையைக் குடைந்து சமமாகப் போகும் சாலையில் ஒரு புள்ளி மேலேயும் அடுத்தது கீழேயும் விழும். செயலி அதையெல்லாம் ஏற்ற இறக்கமாகக் கூட்டிவிடும். ஆற்றுக் குடைவுகளில் இந்தப் பிழை மிக அதிகம். அடிவாரத்தின் உயரத்தையும் கணவாயின் உயரத்தையும் உயரக்கோடுகளில் பார்த்துக் கழித்து, நடுவில் உள்ள பெரிய இறக்கங்களை மட்டும் சேர்ப்பது உண்மைக்கு நெருங்கி வரும்.

தூங்கும் உயரம்

காற்றழுத்தம் கடல்மட்டத்தில் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல். 3,000 மீட்டரில் 700. 4,000 மீட்டரில் 616. 5,500 மீட்டருக்குச் சற்று அருகே பாதியாகிவிடும். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயரநோய் வரலாம். உடற்பயிற்சியால் அதைத் தடுக்க முடியாது. வலுவானவர்கள் வேகமாக மேலே போய்விடுவதால் அவர்களுக்குத்தான் சில நேரம் முதலில் வருகிறது.

கவனிக்க வேண்டியது பகலில் தாண்டிய கணவாயின் உயரத்தைவிட இரவு படுக்கும் உயரத்தை. மலை மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது: 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, 3, 4 நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். நடந்து போகிறவர் நினைத்த இடத்தில் கூடாரம் போட்டுவிடலாம். சைக்கிள்காரருக்கோ சாலை எங்கே சமதளமும் தண்ணீரும் தருகிறதோ அங்கேதான் இரவு. மணாலி, லே சாலையில் இது அப்பட்டமாகத் தெரியும். ஜிஸ்பாவிலோ தார்ச்சாவிலோ சுமார் 3,300 மீட்டரில் படுத்தவர், அடுத்த நாள் பாராலாச்சா லா கணவாயைத் தாண்டி சார்ச்சு போனால் 4,200 மீட்டருக்கு மேல் படுக்கிறார். ஒரே தாவலில் 900 மீட்டருக்கு மேல். தலைவலியும் வாந்தியுமாக அங்கே இரவைக் கழிப்பவர்கள் ஏராளம். நடுவே சுமார் 3,800 மீட்டரில் பட்சியோவில் ஓர் இரவும், ஜிங்ஜிங்பாரில் இன்னோர் இரவும் சேர்த்தால் அதே பயணம் உடலுக்குப் பொருந்திவிடும். இரண்டு நாள் கூடுதலாகும்; அந்த இரண்டு நாளைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.

தலைவலியோடு குமட்டல், மயக்கம், மிகுந்த அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தால் அன்று மேலே போகக் கூடாது. நேர்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்க நேரம் இல்லை: உடனே கீழே இறங்க வேண்டும், இரவானாலும் சரி. 300 முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினால் பெரும்பாலும் நிலைமை தேறும். அசெட்டசோலமைடு மாத்திரை 125 மில்லிகிராம் வீதம் காலை, மாலை என்பது தடுப்புக்கு வழக்கமான அளவு. மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

கியர்: ஒரு கணக்கு

ஓட்டுபவர் 70 கிலோ, சைக்கிள் 15, மூட்டை 20, தண்ணீரும் சாப்பாடும் 5. ஆக 110 கிலோ. 8 சதவீத ஏற்றம். டயரின் உராய்வையும் சேர்த்து 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சைக்கிளைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 97 நியூட்டன்.

முன்னே 34 பல், பின்னே 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 2.2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8 கி.மீ.; அதற்குத் தேவை 210 வாட்டுக்கு மேல். முன்னே 22, பின்னே 36 என்றால் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 4.8 கி.மீ.; தேவை 130 வாட். கடல்மட்டத்தில் மணிக்கணக்கில் 150 வாட் தரக்கூடிய ஒருவரின் திறன் 4,000 மீட்டரில் ஏறக்குறைய கால்பங்கு குறைந்துவிடும். ஆக, 34-க்கு 34 கியர் அவரைக் காலால் நசுக்கி மிதிக்க வைத்து, ஒரு மணி நேரத்தில் முழங்காலையும் மூச்சையும் காலி செய்துவிடும். 22-க்கு 36 கியரில்கூட அவர் 50 சுற்றுக்கு இறங்கி, மணிக்கு 4 கி.மீ. வேகத்தில்தான் தாக்குப்பிடிப்பார். அதற்குக் கீழே சமநிலை போய்விடும். இறங்கித் தள்ளுவது நல்லது.

எனவே மலைப் பயணத்துக்கு மிகச் சிறிய கியர் விகிதம் (முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தது) 0.6 அல்லது அதற்கும் குறைவாக இருக்கட்டும். முன்னே ஒரே பல்சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு 30-க்கு 51 கிட்டத்தட்ட இதே பலன் தரும். இந்தக் கணக்கிலிருந்து நேரமும் கிடைக்கிறது: மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் 8 சதவீதம் ஏறினால் ஒரு மணிக்கு 320 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏற மூன்று மணி நேரத்துக்கு மேல்; மூச்சு வாங்க நிற்பது தனி. நாளைக்கு இத்தனை கி.மீ. என்று திட்டமிடுவதை விட்டுவிட்டு, இத்தனை மீட்டர் உயரம் என்று திட்டமிட வேண்டியது இதனால்தான்.

டயர், காற்று, பம்பு

மண் சாலைக்கு 45 முதல் 55 மி.மீ. அகல டயர், 30 முதல் 36 பி.எஸ்.ஐ. காற்று என்பது மூட்டையோடு தொடங்குவதற்கு நல்ல அளவு. 4,000 மீட்டர் ஏறியதும் வெளிக்காற்றின் அழுத்தம் 0.4 பார் (சுமார் 6 பி.எஸ்.ஐ.) குறைவதால் டயர் அந்த அளவுக்கு இறுகும் என்று சிலர் காற்றை இறக்கிவிடுகிறார்கள். மேலே போகப்போகக் குளிரும் கூடுமே; 25 டிகிரி குறைந்தால் டயருக்குள் சுமார் 0.3 பார் இறங்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், கை வைக்க வேண்டாம்.

பம்பு விஷயத்தில் வித்தியாசம் நிஜம். ஒவ்வொரு அடிக்கும் பம்புக்குள் வருவது மெல்லிய காற்று. கடல்மட்டத்தில் 100 அடியில் நிரம்பும் டயருக்கு 4,000 மீட்டரில் சுமார் 160 அடி தேவை. உள்ளங்கை அளவுச் சின்னப் பம்பு அகல டயருக்கு அங்கே தண்டனை. காலால் மிதித்துப் பிடித்து அடிக்கும் வகைப் பம்பு எடுத்துச் செல்லுங்கள்.

மண் சாலையில் குறுக்கே வரிவரியாக விழும் அலைமேடுகள், வேகமாக ஓடும் வண்டிச் சக்கரங்கள் துள்ளித் துள்ளி உண்டாக்குபவை. வண்டி குறைந்த, மெதுவாக ஓடும் சாலையில் அவை சிறிதாகவே இருக்கும். மாட்டிக்கொண்டால் சாலையின் விளிம்பில், சக்கரம் படாத ஓரத்தில் ஓட்டுங்கள். இந்த அதிர்வில்தான் கேரியர் திருகுகள் கழன்று விழும். கிளம்பும் முன்பே திருகுப்பசை போட்டு, தினமும் மாலை ஒருமுறை விரலால் அசைத்துப் பார்த்துவிட்டால் போதும். உடைகிற ஸ்போக் பெரும்பாலும் பின்சக்கரத்தில் செயின் பக்கத்துடையது. அந்த நீளத்தில் மூன்றும், கேசட்டை, அதாவது பின்பல்சக்கரக் கொத்தை, கழற்றும் கருவியும், பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் ஹேங்கரில் உங்கள் சைக்கிளுக்கே உரியதும் மூட்டையில் இருக்க வேண்டும். ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு. மலையூரில் தேடினால் கிடைக்காது.

இறக்கம்

10 சதவீத இறக்கத்தில் 110 கிலோ மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது புவியீர்ப்பு தரும் ஆற்றல் சுமார் 900 வாட். 4,000 மீட்டரில் காற்று மெலிந்திருப்பதால் அதன் எதிர்ப்பு 140 வாட் அளவுக்கே வரும். டயர் உராய்வு 70. மீதி 700 வாட்டுக்குக் கொஞ்சம் குறைய, இடைவிடாமல் பிரேக்கில் வெப்பமாகிறது. 20 கி.மீ. இறக்கத்தில் 40 நிமிடம் அப்படி. ரிம் பிரேக் என்றால் ரிம் சுட்டு ட்யூப் வெடிக்கும். டிஸ்க் என்றால் ரெசின் பேடு வழவழத்துப் பிடிப்பை இழக்கும். உலோகத் துகள் பேடு தாங்கும், சேற்றிலும் மெதுவாகத் தேயும்.

லேசாகப் பிடித்தபடியே இறங்குவது தவறான பழக்கம். நேரான இடத்தில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து மறுபடி விட வேண்டும். இடையில் காற்று பிரேக்கைக் குளிர்விக்கும். மண் சாலையில் வேகத்தை விட முடியாது என்பதால் அங்கே 15 நிமிடத்துக்கு ஒருமுறை நின்று ஆற விடுவதுதான் வழி. உச்சியிலேயே வியர்த்த பனியனைக் கழற்றி மாற்றி, காற்றுப் புகாத மேலாடையும் முழுக் கையுறையும் போட்டுக்கொண்டு இறங்குங்கள். விரல் மரத்துப்போனால் பிரேக் இருந்தும் பயனில்லை.

நேரமும் தண்ணீரும்

பனியாறு உருகி வரும் ஓடைகள் விடியற்காலையில் முழங்காலுக்குக் கீழே இருக்கும். வெயில் ஏறி, மேலிருந்து தண்ணீர் வந்து சேரும் பின்மதியத்தில் அதே ஓடை தொடை வரை வந்து கற்களை உருட்டிக்கொண்டு போகும். ஸ்பிட்டிக்குப் போகும் கிராம்பு, குன்சும் லா பாதையில் ஓடைகளை எந்த நேரத்தில் கடக்கிறோம் என்பதுதான் நாளின் திட்டமே. மாலையில் ஓடை முன் வந்து சேர்ந்தால் இக்கரையிலேயே படுத்துவிடுங்கள். காற்றும் அப்படித்தான்: வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலே வீசும், இரவில் திரும்பும். அதனால் முற்பகலில் கணவாய் தாண்டிவிட்டவர் பிற்பகலில் இறங்கும்போது எதிர்காற்றில் மிதித்துக்கொண்டே இறங்க நேரும். பொலிவியாவின் உயர்பீடபூமியில் பிற்பகலில் மேற்கிலிருந்து வரும் காற்று கூடாரத்தையே கிழிக்கும் அளவுக்குப் போகும். அங்கே மேற்கிலிருந்து கிழக்காகப் போகும்படி வழியை அமைப்பது பெரிய வசதி.

ஆளில்லாத பகுதியில் 6 லிட்டர் வரை தண்ணீர் சுமக்கும் வசதி வேண்டும், எப்போதும் நிரப்பத் தேவையில்லை. குழாய் நார் வகை வடிகட்டி ஒருமுறை நனைந்த பிறகு உறைந்தால் உள்ளே நார் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், கிருமியும் கூடவே வரும். ராத்திரி அதைத் தூக்கப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றாக குளோரின் டையாக்சைடு மாத்திரை கொஞ்சம் இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் அது வேலை செய்ய 4 மணி நேரம் வரை ஆகும் என்பதால் இரவே போட்டு வைப்பது வழக்கம்.

கிளம்பும் முன் வழித்தடத்தில் ஒவ்வொரு 40, 50 கி.மீ.க்கும் ஒரு திரும்பும் புள்ளி குறித்துக்கொள்ளுங்கள்: இங்கிருந்து நின்றுபோனால் எந்தப் பக்கம் இறங்கினால் சீக்கிரம் உயரம் குறையும், எந்த இடத்தில் வண்டி கிடைக்கும் என்று. பள்ளத்தாக்குக்குள் இரண்டு கணவாய்களுக்கு நடுவே இருக்கும் பீடபூமிகளில் எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏற வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட பகுதியை வரைபடத்தில் சிவப்பில் சுற்றி வைத்து, லேசான தலைவலி இருந்தாலும் அதற்குள் நுழையாமல் முந்தைய ஊரிலேயே இன்னொரு நாள் தங்கிவிட வேண்டும்.